முடித்த வேலையைக் கடை முன்பக்கம் மாட்டிக் காட்டலாமா? (பிரேம் கடைக்காரர்களுக்கு)

4 ஜூன் 2025, காலை. மஞ்சக்குப்பம் கடை

கடலூர் மஞ்சக்குப்பத்துல பிரேம் கடை. முன்பக்கம் 9 அடி, முழுக் கண்ணாடி, வடக்குப் பார்த்தது. உள்சுவர்ல மூலை சாம்பிள் 140 தொங்குது, யாரும் நிமிர்ந்து பாக்கறதில்ல. டெலிவரிக்கு சாத்தி வச்சிருக்கிற முடிச்ச படத்தைப் பாத்துட்டுதான் "இதே மாதிரி போடுங்க"ங்கறாங்க. அதனால நான் சொல்றது: கஸ்டமர் கொடுத்த வேலையைவிட நல்ல விளம்பரம் கிடையாது. முடிச்சதும் ஒரு மாசம் முன்பக்கம் மாட்டிட்டு அப்புறம் கொடுக்கலாம்னு இருக்கேன். வடக்குப் பார்த்த கடை, வெயில் தொந்தரவு இல்ல. எவ்வளவு உயரத்துல, எத்தனை மாட்டலாம்?

4 ஜூன், மதியம். புதுவை மூலைவெட்டு

உயரம் அப்புறம். முதல்ல அந்த ஒரு மாசத்தை எடுத்துடுங்க தம்பி.

நீங்க கவனிச்சது சரி. ஆனா காரணம் வேற. ஆறு அங்குல மூலை சாம்பிள் மோல்டிங்கோட (பிரேம் கட்டையோட) நிறத்தையும் அகலத்தையும் மட்டும்தான் சொல்லும். மவுண்ட் (படத்தைச் சுத்தி விடற அட்டை) எவ்வளவு விடணும், முழுசா முடிஞ்சா படம் எவ்வளவு பெரிசாகும், சுவர்ல எப்படி உட்காரும், எதையும் சொல்லாது. முடிச்ச படம் அதையெல்லாம் ஒரே பார்வையில சொல்லிடுது. அதைத்தான் அவங்க கை காட்டுறாங்க. அந்தப் படத்துக்குள்ள இருக்கிறது இன்னொருத்தரோட அப்பா. அது அவங்களுக்குத் தேவையில்லை, நீங்க காட்டவும் வேண்டியதில்லை. காட்ட வேண்டியது முடித்த வடிவம். அதைக் கடையே செஞ்சு வச்சுக்கலாம்.

4 ஜூன், மாலை. புதுவை மூலைவெட்டு

"வடக்குப் பார்த்தது, வெயில் இல்ல" என்பதற்குத் தனியாக எழுதுகிறேன். குளிர் நாட்டுக்காரர்கள் சொல்லும் கணக்கு இது, நம் ஊருக்குப் பொருந்தாது. கடலூரும் புதுச்சேரியும் வட அட்சம் 12 பாகைக்குச் சற்றுக் குறைவில் இருக்கின்றன. மார்ச் 21 தாண்டினால் செப்டம்பர் 23 வரை சூரியன் கிழக்கிலிருந்து வடக்கே தள்ளித்தான் உதிக்கும், மேற்கிலிருந்து வடக்கே தள்ளித்தான் மறையும். ஜூனில் இந்தத் தள்ளல் 23, 24 பாகைக்கு வந்துவிடும். அதனால் காலை 6 முதல் 9 வரையும், மாலை 4-க்கு மேலும் சாய்ந்த வெயில் வடக்குக் கண்ணாடிக்குள் நேராக நுழையும். நண்பகலில்கூட ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சூரியன் நம் உச்சிக்கு வடக்கேதான் நிற்கிறது. மேலே சன்ஷேடு இருந்தால் அந்த நேரம் மட்டும் தப்பிக்கலாம்.

தெற்குப் பார்த்த கடைக்கு இதே தலைவலி அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. நேரு வீதி கிழக்கு மேற்காக ஓடுவதால் அங்கே கடைகள் வடக்கோ தெற்கோ பார்க்கும். மிஷன் வீதியும் மகாத்மா காந்தி சாலையும் வடக்கு தெற்காக ஓடுவதால் அங்கே கடைகளுக்கு வருடம் முழுக்கக் காலையிலோ மாலையிலோ நேர் வெயில். ஆக, நம் ஊரில் வெயில் படாத முன்கண்ணாடி என்று ஒன்று கிடையாது.

5 ஜூன். மஞ்சக்குப்பம் கடை

சரிண்ணே, இன்னிக்கு காலைல 7 மணிக்குப் போய்ப் பாத்தேன். இடது ஓரத்துல 2 அடிக்கு வெயில் விழுது. ஆனா கண்ணாடி போட்டுத்தானே மாட்டப்போறோம்? கண்ணாடி தடுக்காதா?

5 ஜூன். புதுவை மூலைவெட்டு

2 மி.மீ. சாதாரணக் கண்ணாடி புற ஊதாக்கதிரில் ஒரு பங்கைத்தான் தடுக்கும். மீதி உள்ளே வரும். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் நிறத்தை வெளுக்க வைக்கும், அதை எந்தக் கண்ணாடியாலும் தடுக்க முடியாது. தடுத்தால் படமே தெரியாது.

கணக்கு போட்டுப் பாருங்கள். நீர்வண்ணம், துணி, பழைய கலர் போட்டோ மாதிரி சீக்கிரம் வெளுக்கும் பொருளுக்கு அருங்காட்சியகங்கள் வைத்துக்கொள்ளும் அளவு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 1,20,000 லக்ஸ்-மணி. முன்கண்ணாடிக்கு இரண்டடி உள்ளே, நேர் வெயில் படாத இடத்திலேயே பகலில் 4,000 லக்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரத்தில் 32,000. நாலு நாளில் அருங்காட்சியகத்தின் ஒரு வருட வெளிச்சத்தைக் கொடுத்துவிடுகிறீர்கள். ஒரு மாதம் மாட்டினால் ஏழெட்டு வருடம். நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும், அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

போனில் லக்ஸ் அளக்கும் ஆப் துல்லியமாக இருக்காது. 400-ஆ 4,000-ஆ என்று தெரிந்துகொள்ள அது போதும். நம்பிக்கை வரவில்லை என்றால் மலிவான கலர் சார்ட் பேப்பரில் சிவப்பு, ஊதா, மஞ்சள் துண்டுகளை எடுத்து, பாதியை அலுமினியத் தாளால் மூடி, மாட்ட நினைக்கிற இடத்தில் ஒட்டுங்கள். இரண்டு வாரம் கழித்துத் தாளை எடுத்தால் கோடு தெரியும்.

முன்கண்ணாடியிலிருந்து 6 அடிக்குள் யாருடைய அசலையும் வைக்காதீர்கள். உள்ளே எல்.இ.டி. போட்டுக்கொள்ளலாம், அதனால் பிரச்சினை இல்லை.

6 ஜூன். புதுவை மூலைவெட்டு

நேற்று எழுதிய கடைசி வரியைத் திருத்துகிறேன். எல்.இ.டி.யில் புற ஊதா மிகக் குறைவு என்பது உண்மை. அதற்காக "பிரச்சினை இல்லை" என்று விட்டது தவறு. குறுகலாக அடிக்கும் 10 வாட் ஸ்பாட் விளக்கை இரண்டடியில் வைத்தால் படத்தின் நடுவில் 1,000 லக்ஸைத் தாண்டிவிடும், அதுவும் வெளுக்க வைக்கும். ஸ்பாட்டை 5 அடி தள்ளி, விரிந்த கோணத்தில், கடை சாத்தும்போது அணைகிற சுவிட்சில் கொடுங்கள். ராத்திரி முழுக்க எரியும் சைன்போர்டு லைனில் கொடுக்கவே கூடாது.

6 ஜூன். முதுநகர் கொக்கி

வெளிச்சத்தைப் பத்தி ரெண்டு பேரும் பேசியாச்சு. நான் சுவத்தைப் பத்தி சொல்றேன். பழைய கட்டடம்னா சுண்ணாம்புக் காரை ஒரு அங்குலத்துக்கு மேலயே இருக்கும். காங்கிரீட் ஆணி அடிச்சா காரையை மட்டும்தான் பிடிக்கும், செங்கல்லுக்குப் போகாது. மூணு மாசத்துல பொடி உதிர்ந்து தொங்கிடும்.

எடைக் கணக்கு: கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் 2.5 கிலோ. 24×36 அங்குலப் படம் 0.56 ச.மீ. கண்ணாடி 2 மி.மீ.ன்னா 2.8 கிலோ, 3 மி.மீ.ன்னா 4.2 கிலோ. பின்பலகை 3 மி.மீ. எம்.டி.எஃப். ஒண்ணேகால் கிலோ. மரமும் சேர்ந்தா மொத்தம் 5, 6 கிலோ ஆயிடும். இதை ஒத்தை ஆணியில தொங்கவிடக் கூடாது. ரெண்டு பக்கமும் டி-ரிங் (பிரேம் முதுகுல திருகற D வடிவ வளையம்), மேல் ஓரத்திலிருந்து மூணில் ஒரு பங்கு கீழ, ஒவ்வொண்ணும் தனித்தனி கொக்கியில. கொக்கி ஒண்ணு கழண்டாலும் இன்னொண்ணு தாங்கும். படமும் கோணாது.

சுவத்துல நேரா மாட்டாம, 18 மி.மீ. மரைன் ப்ளை (ஐ.எஸ். 710 முத்திரை பாத்து வாங்குங்க) ரெண்டு ஷீட்டை அரை அங்குல ரீப்பர் (மரச்சட்டம்) மேல அடிச்சு நிறுத்துங்க. ரீப்பருக்கு 2 அங்குல இடைவெளி விட்டு 6 மி.மீ. துளை, செங்கல்லுக்குள்ள போற நீள பிளக், 3 அங்குல ஸ்குரூ. அப்புறம் ப்ளையில எங்க வேணும்னாலும் கொக்கி மாத்தலாம். சுவத்து உப்பும் ஈரமும் படத்தோட முதுகைத் தொடாது.

6 ஜூன். முதுநகர் கொக்கி

மேல தப்பா எழுதிட்டேன். ரீப்பர் மேலிருந்து கீழா ஓடணும், 16 அங்குலத்துக்கு ஒண்ணு. "2 அங்குல இடைவெளி"ன்னு எழுதினது ஓரத்திலிருந்து முதல் துளைக்கு. ரீப்பரைக் குறுக்க அடிச்சா காத்து மேல ஏறாது, பின்னாடி ஈரம் தங்கிடும்.

9 ஜூன். புதுவை மூலைவெட்டு

கொக்கி அண்ணன் சொன்ன ப்ளை யோசனையை அப்படியே செய்யுங்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: ஒவ்வொரு பிரேமின் கீழ் இரண்டு மூலையிலும் 5 மி.மீ. ரப்பர் பொட்டு ஒட்ட வேண்டும். காசு சொற்பம். கடலோரத்தில் அது இல்லாத பிரேமின் பின்பக்கத்தை ஐப்பசி கார்த்திகையில் எடுத்துப் பார்த்தால் ஹார்ட்போர்டின் கீழ் ஓரம் கறுத்திருக்கும். அந்த ஈரத்தைத் தேடித்தான் இராமபாணப் பூச்சி வரும். மைதாப் பசை போட்டு ஒட்டியிருந்தால் அதற்கு விருந்து.

கொக்கி, டி-ரிங் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளை. நிக்கல் பூச்சு போட்டது உப்புக்காற்றில் பொரிந்துவிடும்.

10 ஜூன். மஞ்சக்குப்பம் கடை

சட்டப்படி என்ன? கஸ்டமர் வாய்வார்த்தையா "சரி, மாட்டுங்க"ன்னு சொன்னா போதாதா?

10 ஜூன். புதுவை மூலைவெட்டு

1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 148 முதல் 171 வரையிலான பிரிவுகள் ஒப்படைப்பைப் பற்றியவை. படத்தை ஒருவர் நம்மிடம் கொடுத்து, வேலை முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வது சுத்தமான ஒப்படைப்பு. நமக்கு வேண்டிய மூன்று பிரிவுகள் இவை.

151: சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே சூழ்நிலையில் தன்னுடைய அதே மாதிரிப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்ப்பாரோ அந்த அளவு கவனம் நாம் காட்ட வேண்டும். அப்படிக் காட்டியும் சேதமானால் பொதுவாக நம் பொறுப்பில்லை.

154: கொடுத்த நோக்கத்துக்கு மாறாக அந்தப் பொருளைப் பயன்படுத்தினால், அந்தப் பயன்பாட்டில் வந்த சேதத்துக்கு ஈடு கொடுத்தாக வேண்டும். பிரேம் போடக் கொடுத்ததை விளம்பரத்துக்கு மாட்டுவது இதில்தான் வந்து விழும். "கவனமாகத்தான் மாட்டினேன்" என்று சொல்லித் தப்ப முடியாது.

170: கூலி வரும்வரை பொருளை நிறுத்தி வைத்துக்கொள்ளும் உரிமை. நிறுத்தி வைக்கத்தான் உரிமை. விற்கவோ, அதைக் காரணம் காட்டி ஷோவுக்கு மாட்டவோ இதில் இடமில்லை.

வாய்வார்த்தை செல்லாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் படத்தைக் கொடுத்தது மகன், வாங்க வருவது மருமகள். யார் என்ன சொன்னார்கள் என்பது ரசீதில் இல்லை என்றால் பிறகு பேசிப் பயனில்லை.

இன்னொன்று: கடைக்கு இன்சூரன்ஸ் இருந்தால் எடுத்துப் படியுங்கள். பிறர் பொருள் கடையில் இருப்பதைத் தனியாகக் குறிப்பிட்டுச் சேர்க்கவில்லை என்றால், பல தீ விபத்து பாலிசிகளில் அதற்கு ஈடு கிடையாது.

11 ஜூன். வில்லியனூர் ஓவியர்

நான் பிரேம் போடக் கொடுக்கும் பக்கம். நீங்கள் எல்லாரும் பேசுவதைப் பார்த்தால் யாருமே தன் வேலையைக் கடையில் மாட்ட விரும்ப மாட்டார்கள் என்பது போல இருக்கிறது. ஓவியர்களுக்கு அது நேர்மாறு. பெயரும் தொடர்பு எண்ணும் போட்டு மாட்டினால் பத்து நாள் அல்ல, இருபது நாள்கூட விட்டு வைப்போம். எங்களுக்கு வருத்தம் தருவது வேறு: படத்தைப் போட்டோ எடுத்து, பெயர் போடாமல், கடை ஸ்டேட்டஸில் போடுவது.

11 ஜூன். புதுவை மூலைவெட்டு

நியாயம் அம்மா. நான் வீட்டுப் படங்களையே மனதில் வைத்து எழுதிவிட்டேன். இரண்டையும் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஓவியத்தில் உரிமை யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். காசு கொடுத்து ஓவியத்தை வாங்கியவருக்கு அந்தப் பொருள்தான் சொந்தம். நகலெடுக்கும் உரிமை ஓவியரிடம்தான், அவர் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 வருடமும். அதனால் படத்தைக் கொண்டுவந்தவர் "போட்டோ எடுத்துக்கோங்க" என்றாலும் அது முழு அனுமதி ஆகாது. ஓவியர் யார் என்று கேட்டு அவரிடமும் சம்மதம் வாங்க வேண்டும்.

12 ஜூன். புதுவை மூலைவெட்டு

நேற்றைய குறிப்புக்கு ஒரு விலக்கு உண்டு, விட்டுவிட்டேன். ஒருவர் கூலி கொடுத்து, "என் அம்மாவை வரைந்து கொடு" என்று வரையச் சொன்ன உருவப்படம், அல்லது கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை காப்புரிமையின் முதல் உரிமையாளர் சொல்லி வாங்கியவரே. 1957 காப்புரிமைச் சட்டம், 17-ம் பிரிவு. அப்படிப்பட்ட படத்துக்கு வாடிக்கையாளர் சம்மதமே போதும். மற்றதற்கு ஓவியரும் வேண்டும்.

14 ஜூன். மஞ்சக்குப்பம் கடை

ரசீதுல என்ன அச்சடிக்கறது? பின்பக்கம் சின்ன எழுத்துல "கடையின் விருப்பப்படி காட்சிக்கு வைக்கப்படும்"னு போட்டுடலாமா?

14 ஜூன். புதுவை மூலைவெட்டு

வேண்டாம். முன்பக்கம், கையெழுத்துக்கு நேர் மேலே, ஐந்து கட்டம்:

"என் பொருளைக் காட்ட: (1) வேண்டாம். (2) மூலையும் ஓரமும் மட்டும் போட்டோ எடுக்கலாம். (3) முழுப் போட்டோ, கடை ஆல்பத்துக்கு மட்டும். (4) முழுப் போட்டோ, இணையத்திலும். (5) பொருளையே ____ தேதி வரை கடைக்குள் மாட்டலாம். பெயர் போடலாம் / வேண்டாம்."

எந்தக் கட்டத்திலும் டிக் இல்லை என்றால் அது (1). பக்கத்திலேயே "பொருளின் மதிப்பு ரூ. ____" என்று ஓர் இடம். படத்தை வாங்கும்போதே அதில் இருக்கிற மடிப்பு, கறை, கிழிசலை அவர் முன்னாலேயே எழுதி, போனில் முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். இந்த ஒரு வேலை பிற்பாடு பாதிச் சண்டையை நிறுத்தும்.

முக்கால்வாசிப் பேருக்கு (2) கேட்டாலே போதும். மோல்டிங் மூலை, மவுண்ட் வெட்டின் சாய்வு, படத்தின் ஓரத்தில் ஒரு விரற்கடை, அவ்வளவுதான் தெரியும். முகம் தெரியாது, பெயர் தெரியாது. மூலை சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்பதைக் காட்ட முழுப்படத்தைவிட இதுதான் பொருத்தம். போட்டோவைக் கண்ணாடி போடுவதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள். கண்ணாடி போட்ட பிறகுதான் என்றால் விளக்கை இரண்டு பக்கத்திலும் 45 பாகையில் வைத்து, நீங்கள் கறுப்புத் துணிக்குப் பின்னால் நின்று, தள்ளி நின்று ஜூம் செய்து எடுக்க வேண்டும். ஃபைல் பெயரில் மோல்டிங் எண், மவுண்ட் எண், அளவு மூன்றும் இருக்கட்டும். இல்லாவிட்டால் "இதே மாதிரி" என்று கேட்கும்போது எது என்று தேட வேண்டியிருக்கும்.

14 ஜூன். புதுவை மூலைவெட்டு

எந்தக் கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்தாலும் மாட்டக் கூடாதவை சில உண்டு.

இறந்தவர் படம். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவசரமாக வாங்கிப் போவார்கள், அது வீட்டுக்குப் போகும்வரை காகிதம் சுற்றி இருக்க வேண்டும். கடைக்கு வரும் இன்னொரு குடும்பம் அப்போதுதான் கல்யாணப் படம் கொண்டு வந்திருக்கும், இரண்டும் ஒரே சுவரில் இருப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

பட்டம், மதிப்பெண் சான்று, படைவிடுப்புப் பத்திரம். பெயரும் பதிவெண்ணும் அப்படியே தெரியும். பிரெஞ்சு காலத்துப் பிறப்பு, திருமணப் பதிவு நகல்களும் இதே வகை.

குழந்தைகள் படம். சாமி படம் மாட்டலாம். ஆனால் செருப்பு விடுகிற இடத்துக்கு மேலேயும் இடுப்பு உயரத்துக்குக் கீழேயும் வேண்டாம். தஞ்சாவூர்ப் படம் என்றால் கல்லும் சுதையும் எழும்பி நிற்கும், கண்ணாடி அதைத் தொடாமல் அரை அங்குலமாவது உள்ளிடம் விட வேண்டும்.

17 ஜூன். மஞ்சக்குப்பம் கடை

சரிண்ணே, அசலை விட்டுட்டேன். கடையே சாம்பிள் செஞ்சா மோல்டிங் செலவு எவ்வளவு ஆகும்? 140 வகை இருக்கு.

17 ஜூன். புதுவை மூலைவெட்டு

140-க்கும் வேண்டாம். அதிகம் ஓடுகிற 12 வகையை எடுங்கள். செலவும் பெரிதாக இல்லை, ஆர்டரில் மிஞ்சுகிற துண்டிலேயே முடியும்.

ஒரு அங்குல மோல்டிங், 12×18 படம். சுற்றளவு 60 அங்குலம். நாலு மூலைக்கும் மைட்டர் (45 பாகைச் சாய்வு) வெட்ட, மோல்டிங் அகலத்தைப் போல் எட்டு மடங்கு சேர்க்க வேண்டும்: 8. ஆக 68. பத்தடி லெங்த் 120 அங்குலம், மிச்சம் 52. கடை சாம்பிள் 8×10 என்றால் 36 + 8 = 44. மிச்சத்திலேயே வந்துவிடுகிறது, பிளேடு தின்கிறது போகவும் சில அங்குலம் கையில் நிற்கும்.

எல்லா சாம்பிளுக்கும் உள்ளே ஒரே படம். இதுதான் முக்கியம். படம் மாறினால் பார்ப்பவர் படத்தைப் பார்ப்பார், ஒன்றாக இருந்தால் பிரேமைப் பார்ப்பார். நீங்களே தேவனாம்பட்டினம் கடற்கரையில் எடுத்த ஒரு போட்டோ போதும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஒன்று மவுண்ட் இல்லாமல், ஒன்று ஒரு மவுண்ட், ஒன்று இரட்டை மவுண்ட், ஒன்று ஸ்பேசர் (கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் இடைவெளி தரும் பட்டை) போட்டு ஆழமாக. பின்னால் ஸ்டிக்கரில் மோல்டிங் எண், மவுண்ட் எண், 12×18-க்கு என்ன விலை, 16×24-க்கு என்ன விலை என்று எழுதுங்கள். முன்னால் விலை எழுதாதீர்கள், கண் அங்கேயே போய்விடும்.

18 ஜூன். முதுநகர் கொக்கி

மூலைவெட்டு கணக்கு ஒரு அங்குல மோல்டிங்குக்கு மட்டும்தான் சரி. ஒன்றரை அங்குலம்னா: 60 + 12 = 72, மிச்சம் 48. 8×10-க்கு 36 + 12 = 48. பிளேடு தின்ன இடமே இல்ல, கடைசித் துண்டு குறையும். ரெண்டு அங்குலம்னா 60 + 16 = 76, மிச்சம் 44, வேண்டியது 52. வரவே வராது. சில கம்பெனி லெங்த் ஒன்பதரை அடிதான், அது 114 அங்குலம். அதுல ஒரு அங்குல மோல்டிங்கே 46 மிச்சம், 44 வேணும், ரொம்ப இறுக்கம்.

18 ஜூன். புதுவை மூலைவெட்டு

சரியாகச் சொன்னீர்கள். திருத்தம்: ஒன்றரை அங்குலத்துக்கு 6×8 (28 + 12 = 40), இரண்டு அங்குலத்துக்கு 5×7 (24 + 16 = 40). வெட்டும் முன் லெங்தை அளந்துவிடுங்கள், பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். படம் ஒன்றாக இருக்கட்டும், அளவு மாறினால் குற்றமில்லை.

18 ஜூன். புதுவை மூலைவெட்டு

பாதி பிரேம் ஒன்றும் செய்து வையுங்கள். கவுண்டரில் இது பேசுகிற அளவுக்கு எதுவும் பேசாது. அடிக்கட்டை ஒன்று, இரண்டு பக்கக் கட்டை 6 அங்குலம், மேல்பக்கம் திறந்தே இருக்க வேண்டும். உள்ளே அடுக்குகளை ஒவ்வொன்றும் ஒரு அங்குலம் குறைவாகப் படி போல வெட்டி நிறுத்துங்கள்: பின்னால் உயரமாக ஹார்ட்போர்டு, அதற்கு முன்னால் அமிலமில்லா அட்டை, பிறகு படம், பிறகு மவுண்ட், கடைசியில் குட்டையாகக் கண்ணாடிக்குப் பதில் 2 மி.மீ. அக்ரிலிக். திறந்த ஓரத்தில் கண்ணாடி வைத்தால் கையை வெட்டும்.

மவுண்ட் இல்லாமல் போட்டோவைக் கண்ணாடியோடு ஒட்டிப் போட்டால் என்ன ஆகும் என்று எல்லாரும் கேட்பார்கள். ஈரக்காற்றில் போட்டோவின் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் முகத்தோடு வரும். மவுண்டோ 3 மி.மீ. ஸ்பேசரோ அந்த இடைவெளியைத்தான் கொடுக்கிறது. பாதி பிரேமில் விரலை வைத்துக் காட்டினால் இரண்டு வரியில் புரிந்துவிடும், "மவுண்ட் எதுக்கு, காசு பிடுங்கறீங்களா?" என்ற கேள்வி வராது.

2 ஜூலை. மஞ்சக்குப்பம் கடை

12 சாம்பிள் மாட்டியாச்சு, பாதி பிரேமும் வச்சாச்சு. ரெண்டு வாரத்துல மவுண்ட் கேக்கறவங்க கூடியிருக்காங்க. ஆனா ஒரு குறை. எல்லாம் ஒரே கடற்கரை. மெடல், குழந்தை சட்டை, பட்டுப்புடவை முந்தி இதையெல்லாம் பெட்டி பிரேம்ல போடலாம்னே யாருக்கும் தெரியல. முன்ன அசலைப் பாத்துத்தான் அதைக் கேட்டாங்க.

2 ஜூலை. புதுவை மூலைவெட்டு

இது என் யோசனையில் இருந்த ஓட்டைதான். ஒரே படம் என்பது மோல்டிங்குக்கும் மவுண்டுக்கும் சரி. பொருள் வைக்கிற வேலையைப் பொருளை வைத்துத்தான் காட்ட முடியும். கடைக்குச் சொந்தமான பொருளாக மூன்று பெட்டி செய்யுங்கள்.

ஒன்று, வில்லியனூர் சுடுமண் பொம்மை. புவிசார் குறியீடு வாங்கிய வேலை, ஊர்க்காரர்களுக்கும் அடையாளம் தெரியும். எடை இருப்பதால் பசையை நம்ப வேண்டாம். பின்பலகையில் இரண்டிரண்டு துளை போட்டு, நைலான் நூலைப் பொம்மையின் இடுக்கில் கொடுத்து, பின்னால் முடிச்சுப் போட வேண்டும். ஹாட் குளூ வைகாசி வெயிலில் இளகி, பொம்மை கீழே உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது, பட்டு முந்தியில் ஒரு துண்டு. பருத்தித் துணி போர்த்திய அட்டையில், துணியின் நிற நூலால் மேல் ஓரத்தில் நெருக்கமாகவும் மற்ற ஓரங்களில் தளர்வாகவும் தையல். ஃபெவிகால் வேண்டாம், மஞ்சளாகி விறைக்கும். குண்டூசி உப்புக்காற்றில் துருவைத் துணியில் விட்டுவிடும்.

மூன்றாவது, பித்தளைச் சாவி, பழைய நாணயம் மாதிரி உலோகம். மெடலுக்கு என்ன செய்வோமோ அதை இதில் காட்டலாம்.

3 ஜூலை. வில்லியனூர் ஓவியர்

மெடல் என்றதும் கேட்கிறேன். புதுச்சேரியில் சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள்) வீடுகளில் பிரெஞ்சுப் படைப் பதக்கங்கள் நிறைய இருக்கின்றன. ரிப்பனோடு போட வேண்டுமா, தனியாகவா?

3 ஜூலை. புதுவை மூலைவெட்டு

ரிப்பனோடுதான். எந்தப் பதக்கம் என்பதை ரிப்பனின் கோடுகள்தான் சொல்லும், வரிசையையும் மாற்றக் கூடாது. வீட்டில் மாட்டியிருந்த பழைய வரிசையைப் போட்டோ எடுத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். ரிப்பன் துணி, அதனால் வெளிச்சத்தில் முதலில் போவது அதுதான்.  இந்தப் பெட்டியை எந்தக் கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்தாலும் மாட்டுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேய்த்துப் பளபளப்பாக்கவும் கூடாது, எழுத்து தேய்ந்துவிடும். கையுறையோடு தொடுங்கள், விரல் வியர்வை வெள்ளியில் ரேகையாகவே பதியும். பின்னணிக்குக் கம்பளித் துணி வேண்டாம், அதில் இருக்கிற கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். பருத்தி போதும். ஆழம், பதக்கத்தின் கனத்தோடு கண்ணாடிக்குக் கால் அங்குலம் சேர்த்து.

20 ஜூலை. முதுநகர் கொக்கி

மழைக்கு முன்னாடி ஒண்ணு எழுதி வச்சிடறேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையேறினப்போ புதுச்சேரில ஒரே நாள்ல 45 செ.மீ.க்கு மேல மழை. ரெண்டு நாள் கழிச்சு தென்பெண்ணை தண்ணி கடலூருக்குள்ள வந்துச்சு. தரையில சாத்தி வச்ச படம் எதுவும் அப்படிப்பட்ட நாள்ல பிழைக்காது. தானே புயல் 2011 டிசம்பர் 30 காலைல வந்தப்போ காத்துதான் எதிரி, முன்கண்ணாடி உடைஞ்சா உள்ள எல்லாம் போச்சு.

அதனால டெலிவரிக்கு நிக்கற படத்துக்கு 3 அடி உயரத்துல ரேக். படத்தைப் படுக்க வைக்காம, நிறுத்தி, நடுவுல அட்டை. அக்டோபர் 1-லிருந்து ஜனவரி பொங்கல் வரைக்கும் கஸ்டமர் அசல் எதுவும் முன் அறையில வேண்டாம். ஓவியர் அம்மா கொடுத்தாலும் வேண்டாம்.

21 ஜூலை. வில்லியனூர் ஓவியர்

ஒத்துக்கொள்கிறேன். மழை மாதத்தில் அச்சு நகலை மாட்டுங்கள், அசலை நாங்களே வைத்துக்கொள்கிறோம்.

21 ஜூலை. மஞ்சக்குப்பம் கடை

அண்ணே, முதல் நாள் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. எவ்வளவு உயரம், எத்தனை?

21 ஜூலை. புதுவை மூலைவெட்டு

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 58 அங்குலம். கவுண்டருக்குப் பின்சுவர் என்றால் 64, இல்லாவிட்டால் நீங்கள் நிற்கும்போது உங்கள் தலை மறைக்கும். இரண்டு வரிசை வந்தால் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி 58-ல் வரட்டும். பிரேமுக்கும் பிரேமுக்கும் 4 அங்குலம் விடுங்கள். 8 அடிக்கு 4 அடி ப்ளை ஒன்றைக் குறுக்காக நிறுத்தினால் 12 சாம்பிளும் இரண்டு வரிசையில் ஆறாறாக அடங்கும். இரண்டாவது ப்ளையில் மூன்று பெட்டியும், ஓவியர் சம்மதித்துக் கொடுத்த படம் ஒன்றும். ஒன்றுதான், இரண்டு வேண்டாம். அதன் கீழே ஓவியர் பெயர், எடுக்க வேண்டிய தேதி. அந்தத் தேதியை உங்கள் போன் காலண்டரிலும் போட்டு வையுங்கள்.